கூலிங் நிற்காத டீப் ஃப்ரீசர்: ரிப்பேர் செய்வதா, பழசு வாங்குவதா, புதுசு எடுப்பதா, கம்பெனிப் பெட்டி கேட்பதா?

வெயில் ஏறி மாங்காய் லோடு ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டால், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான். "பெட்டி ஓடுது, ஆனா கூலிங் நிக்கல. ஒரு மெக்கானிக் கேஸ் இல்லைங்கிறார், இன்னொருத்தர் கம்ப்ரசர் போச்சுங்கிறார், ஷோரூம்காரர் புதுசே எடுத்துக்கோங்கண்ணா என்கிறார். நான் என்ன பண்றது?" காவேரிப்பட்டினத்தில் ஐஸ்கிரீம் விற்பவரும் கேட்கிறார், கிருஷ்ணகிரி கேஆர்பி அணைப் பக்கம் மீன் வறுத்துக் கொடுப்பவரும் கேட்கிறார், பென்னாகரத்தில் கறிக்கடை வைத்திருப்பவரும் கேட்கிறார். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் பதிலைத் தேடுகிற வழி ஒன்றுதான், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு எத்தனை வயது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பழுது எங்கே இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுங்கள். பஃப்புக்கு (குளிர் வெளியேறாமல் இருக்கப் பெட்டிச் சுவருக்குள் ஊற்றியிருக்கிற நுரை) வெளியே இருக்கிற பழுது எதுவானாலும் ரிப்பேர் செய்யலாம். பஃப்புக்கு உள்ளே போய்விட்ட பழுதுக்குப் பணம் கொட்டக் கூடாது. இது எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் குருட்டுப் பணம்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

### பழுது பெட்டியிலா, கடையிலா

இதைப் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவது இங்கே ரொம்ப சகஜம். பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது, கடைதான் அதைக் கொன்றுகொண்டிருக்கும்.

முதலில் வோல்டேஜ். விவசாய மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் கிராமத்து லைனில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 230-க்குச் செய்த கம்ப்ரசர் 180-க்குக் கீழே போனால் கிளம்பவே திணறும். "ம்ம்ம்" என்று ஒரு முனகல், அப்புறம் "டிக்" என்று ஓவர்லோடு (கம்ப்ரசரைக் காப்பாற்றக் கரண்டை நிறுத்துகிற ஸ்விட்ச்) வெட்டும், சில நிமிடம் கழித்து மறுபடி முனகல், மறுபடி டிக். இப்படி ராத்திரி முழுக்க நடந்தால் காலையில் ஐஸ்கிரீம் கூழாகத்தான் இருக்கும். வோல்டேஜ் பார்க்கிற மீட்டரை பிளக்கில் வைத்து, கம்ப்ரசர் கிளம்புகிற அந்த நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது 210 காட்டி, கிளம்பும்போது 165-க்கு விழுந்தால் பிரச்சினை ஒயரிலோ லைனிலோ இருக்கிறது. மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃப்ரீசரை மாட்டியிருக்கிறவர்கள் முதலில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரிலிருந்து நேரடியாகத் தனி லைன் இழுங்கள்.

அடுத்தது வெப்பம். பெட்டியின் லேபிளில் கிளைமேட் கிளாஸ் என்று ஓர் எழுத்து போட்டிருக்கும். 'என்' என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரைக்கும், 'எஸ்டி' என்றால் 38 வரைக்கும், 'டி' என்றால் 43 வரைக்கும் தாங்கும் என்று அர்த்தம். மே மாதத்தில் தர்மபுரியில் நிழலிலேயே 40-ஐத் தொடும் நாட்கள் உண்டு. தகர ஷீட் போட்ட கடைக்குள் மதியம் இரண்டு மணிக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அங்கே 'என்' அல்லது 'எஸ்டி' பெட்டியை வைத்துவிட்டு மைனஸ் 18 வரவில்லை என்றால் பெட்டி மேல் தப்பில்லை. ஓசூரில் நன்றாக ஓடிய அதே பெட்டியை அரூருக்கோ ஊத்தங்கரைக்கோ கொண்டுவந்து வைத்ததும் தகராறு செய்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓசூர் மேட்டில் இருக்கிற ஊர், அந்தக் குளுமை இங்கே கிடையாது.

இன்னும் சில விஷயங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சரின் கிரில்லில் தூசி அடைத்திருக்கிறதா (பேக்கரியில் மைதா மாவு, நெடுஞ்சாலை ஓரக் கடையில் ரோட்டு மண்)? பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறதா? மூடி ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால் பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதா? உள்ளே விரல் கனத்துக்கு ஐஸ் கட்டியிருக்கிறதா? கூலர், ஃப்ரீசர் என்று இரண்டு நிலைக்கும் ஸ்விட்ச் இருக்கிற கன்வர்ட்டிபிள் பெட்டி என்றால், துடைக்கும்போது யாராவது அதைக் கூலர் பக்கம் தட்டிவிட்டார்களா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் பெட்டியை மினி ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவந்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு.

அப்புறம் லோடு. டீப் ஃப்ரீசர் என்பது உறைந்த சரக்கை உறைந்தபடியே வைத்திருப்பதற்கான பெட்டி. காலையில் அணையிலிருந்து வந்த 40 கிலோ மீனை 30 டிகிரி சூட்டோடு ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினால், 300 லிட்டர் பெட்டி அதை முழுசாக உறைய வைக்க குறைந்தது ஒரு நாளாவது எடுத்துக்கொள்ளும், வெயில் காலத்தில் அதற்கு மேலும் ஆகும். அந்த ஒரு நாளும் ஏற்கெனவே உள்ளே இருந்த பழைய சரக்கு இளகும். இதற்குக் கேஸ் ஏற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. மீனை ஐஸ் பெட்டியில் போட்டு முதலில் ஆறவிட்டு, பத்துப் பத்து கிலோவாக உள்ளே வையுங்கள்.

### பஃப்புக்கு உள்ளேயா, வெளியேயா

மூடி போட்ட டீப் ஃப்ரீசரில் கூலிங் காயில் உள்பெட்டித் தகட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், அதைச் சுற்றி பஃப் ஊற்றி அடைத்திருப்பார்கள். நிறைய மாடல்களில் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சர் குழாயும் வெளித்தகட்டுக்கு உள்பக்கமாகவே ஒட்டியிருக்கும். கம்ப்ரசர், அதைக் கிளப்பிவிடுகிற ரிலே, கெப்பாசிட்டர், கேஸ் லைனில் இருக்கிற ஃபில்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் எல்லாம் கை எட்டுகிற இடத்தில் இருக்கும். கை எட்டுகிற இடத்தில் பழுது என்றால் அது சாதாரண வேலை.

மெக்கானிக் வருவதற்கு முன்னால் நீங்களே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். கண்டென்சர் சுவருக்குள் இருக்கிற மாடலில், பெட்டி ஓடும்போது வெளிச்சுவர் கைக்கு நன்றாகச் சூடாகத் தெரிய வேண்டும். கம்ப்ரசர் ஒரு மணி நேரமாக ஓடுகிறது, சுவர் சூடே ஏறவில்லை என்றால் கேஸ் இல்லை, அல்லது கம்ப்ரசர் சுற்றுகிறதே தவிர பம்ப் பண்ணவில்லை. உள்ளே ஒரு மூலையில் மட்டும் ஐஸ் படிந்து மற்ற சுவர்கள் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு. நன்றாகக் குளிர்ந்துகொண்டே இருந்து திடீரென்று நின்றுவிட்டு, ராத்திரி முழுக்க ஆஃப் செய்து வைத்தால் காலையில் மறுபடி ஒழுங்காகக் குளிர்கிறது என்றால், உள்ளே ஈரம் புகுந்து, கேஸ் போகிற மெல்லிய கேப்பிலரிக் குழாயின் வாயில் ஐஸாக அடைக்கிறது, ஆஃப் செய்ததும் உருகி வழி விடுகிறது. இதை மாய்ஸ்சர் சோக் என்பார்கள். போன தடவை கேஸ் ஏற்றியவர் ஒழுங்காக வேக்குவம் போடவில்லை (குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கவில்லை) என்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

இன்னொன்று, எல்லோரும் கவனிக்காமல் விடுவது: வெளிச்சுவர் வியர்ப்பது. தர்மபுரியின் பங்குனி, சித்திரைக் காற்று காய்ந்த காற்று. சென்னையில் வியர்த்தால் அது கடல் காற்றின் ஈரமாக இருக்கலாம். இங்கே கோடையில் பெட்டியின் வெளித்தகட்டில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது என்றால், அந்த இடத்தில் பஃப் நனைந்துவிட்டது. நனைந்த பஃப் குளிரைத் தடுக்காது, அதைக் காயவைக்கவும் முடியாது. கம்ப்ரசர் புதுசாகப் போட்டாலும் அந்தப் பெட்டி ஓய்வில்லாமல்தான் ஓடும்.

### உள்ளே என்ன சரக்கு, எந்த மாதம், கரண்டு எவ்வளவு

உறைந்த உணவு மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. ஐஸ்கிரீம் ஒரு தடவை இளகி மறுபடி இறுகினால் நறநறவென்று ஐஸ் துகளாகிவிடும், வாடிக்கையாளர் அடுத்த தடவை வரமாட்டார். மீனும் கறியும் இளகி மறுபடி உறைந்தால் பார்வைக்குத் தெரியாது, ஆனால் சாப்பிடுகிறவர் வயிற்றைக் கெடுத்துவிடும். அதனால் கறிக்கடைக்காரர் "இப்போதைக்கு ஓட்டலாம்" என்று நினைக்கவே கூடாது. தண்ணீர் பாட்டிலும் மோரும் வைத்திருப்பவர் ஒரு வாரம் பொறுக்கலாம்.

கரண்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கம்ப்ரசர் 250 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரோக்கியமான பெட்டி பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஓய்வெடுத்தால் நாளைக்கு 3 யூனிட். கூலிங் நிற்காத பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் 6 யூனிட். மாதத்துக்கு 90 யூனிட் வித்தியாசம். கடை கனெக்ஷனுக்கு யூனிட் பத்து ரூபாய் என்று தோராயமாகப் போட்டால் மாதம் 900, வருடத்துக்கு 10,800 ரூபாய். இந்தப் பணம் மின்வாரியப் பில்லில் கலந்து போய்விடுவதால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

## வழி 1: இருக்கிற பெட்டியை ரிப்பேர் செய்வது

ரிப்பேர் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் இதில் மூன்று தட்டு இருக்கிறது.

கீழ்த்தட்டு: ரிலே, ஓவர்லோடு, கெப்பாசிட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் மோட்டார், மூடி ரப்பர். சில நூறு ரூபாயிலிருந்து சுமார் இரண்டாயிரத்துக்குள் முடியும். கேஸ் லைனைத் தொடவே வேண்டாம். பெட்டி எவ்வளவு பழசானாலும் இதைச் செய்துவிடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நடுத்தட்டு: கேஸ். இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். கேஸ் தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, குழாய் ஓட்டையில்லாமல் இருந்தால் பெட்டியின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். கேஸ் குறைந்தது என்றால் எங்கேயோ லீக் இருக்கிறது. லீக்கைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போனால், ஓட்டையின் அளவைப் பொறுத்து ஒரு வாரமோ ஒரு சீசனோ ஓடும், அப்புறம் அதே கதை. "வருஷா வருஷம் கேஸ் ஏத்தறோம்" என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னால், அவர் வருஷா வருஷம் லீக்குக்கு வாடகை கட்டுகிறார்.

ஒழுங்கான கேஸ் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் நைட்ரஜன் சிலிண்டரை வைத்துக் குழாய்க்குள் பிரஷர் ஏற்றி, ஜாயிண்டுகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வெளியே தெரியவில்லை என்றால் கண்டென்சர் பக்கத்தையும் கூலிங் காயில் பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து அடைத்து, இரண்டிலும் பிரஷர் ஏற்றி கேஜ் மாட்டி ராத்திரி முழுக்க விட்டுவைப்பார். காலையில் எந்தப் பக்கம் முள் இறங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டை. லீக்கை அடைத்த பிறகு புது ஃபில்டர் போட்டு பிரேசிங் செய்வார், அதாவது டார்ச் வைத்துக் குழாயைப் பற்றவைப்பார். வேக்குவம் பம்ப் மாட்டி அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிடுவார், மாய்ஸ்சர் சோக் ஆன பெட்டி என்றால் இன்னும் அதிகம். கடைசியாக லேபிளில் போட்டிருக்கிற அதே கேஸை, அதே கிராம் அளவுக்கு, தராசில் வைத்து ஏற்றுவார். இதில் வேக்குவம் பம்போ தராசோ எடுத்துவராத ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். இதற்குச் சுமார் மூன்றாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வரை கேட்பார்கள், கொடுக்கலாம். ஆயிரத்துக்கு முடித்துத் தருகிறேன் என்பவர் இந்தப் படிகளில் எதையோ விட்டுவிடுகிறார்.

கேஸ் வகையும் முக்கியம். பழைய பெட்டிகளில் ஆர்-134ஏ அல்லது ஆர்-404ஏ இருக்கும். இப்போது வருகிற பெட்டிகளில் ஆர்-290, ஆர்-600ஏ அதிகம். ஆர்-290 என்பது புரொப்பேன், தீப்பிடிக்கக்கூடியது. பெட்டியில் இருப்பது பெரும்பாலும் 150 கிராமுக்குள்தான், அதில் இருபது கிராம் கூடக் குறைய ஏற்றினாலே கூலிங் மாறும். அந்த லைனில் கேஸை முழுசாக வெளியேற்றி நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்யாமல் டார்ச் வைப்பது ஆபத்து, மூடிய கடைக்குள் செய்யவே கூடாது. அடுப்பு சிலிண்டர் கேஸை ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதில் புரொப்பேனோடு பியூட்டேனும், வாசனைக்குச் சேர்க்கிற கந்தகச் சேர்மமும், ஈரமும் இருக்கும். கம்ப்ரசருக்கும் கெடுதல், உங்களுக்கும் ஆபத்து.

மேல்தட்டு: கம்ப்ரசர் மாற்றுவது. கேஸ், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் வரை போகும். பஃப் காய்ந்திருந்து, உள்ளே லீக் இல்லை என்பது டெஸ்டில் தெளிவாகிவிட்டால், புதுப் பெட்டி விலையில் பாதி வரை இதற்குச் செலவு செய்யலாம் என்பது என் கருத்து. ஆனால் போடுகிற கம்ப்ரசர் அதே கேஸுக்கும் அதே திறனுக்கும் செய்ததா, எல்பிபி வகையா என்று கேளுங்கள். எல்பிபி என்றால் மைனஸ் டிகிரிக்குப் போகிற பெட்டிக்கென்று செய்தது. கூல்டிரிங்ஸ் நிற்க வைக்கிற கண்ணாடிக் கதவு கூலரின் கம்ப்ரசரைக் கழற்றி டீப் ஃப்ரீசரில் மாட்டினால் அது மைனஸ் 18-க்கு ஒழுங்காக இறங்காது, சூடேறி வெட்டிக்கொண்டே இருக்கும். பழைய கம்ப்ரசருக்கு இரும்பு, செம்பு விலை உண்டு, பில்லில் அதைக் கழித்துக் கேளுங்கள்.

இனி, செய்யக் கூடாத ரிப்பேர். பஃப்புக்குள் கூலிங் காயில் ஓட்டை என்று வந்துவிட்டால், உள்பெட்டிக்குள் புதுசாகச் செம்புக் குழாய் சுற்றி ஓட்டலாம் என்பார்கள். ஓடும், பொய்யில்லை. ஆனால் இடம் குறையும், கூடைகள் உட்காராது, ஐஸ் சுரண்டும்போது குழாயில் அடிபடும். கண்டென்சர் பக்கத்து ஓட்டை என்றால் கதை வேறு. வெளியே தனியாக ஒரு கண்டென்சரும் ஃபேனும் மாட்டி, சுவருக்குள் இருக்கிற குழாயைத் துண்டித்துவிடலாம், அது நல்ல வேலை. அதனால்தான் எந்தப் பக்கம் ஓட்டை என்கிற அந்த ஒரு ராத்திரி டெஸ்டுக்குத் தனியாகக் காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறேன். "கேஸ் ஏத்தினா பாக்கலாம்" என்று தொடங்குவதைவிட, "டெஸ்ட் மட்டும் பண்ணுங்க, கூலி தர்றேன், அப்புறம் முடிவு சொல்றேன்" என்று தொடங்குங்கள்.

## வழி 2: பழைய பெட்டி வாங்குவது

நமக்கு பெங்களூர் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து நெடுஞ்சாலை 44-இல் ஏறினால் தொண்ணூறு கிலோமீட்டரை ஒட்டித்தான். அங்கே மூடுகிற பேக்கரி, ஹோட்டல் பெட்டிகள் இங்கே வந்து பாதி விலைக்கு விற்கின்றன. சேலத்திலிருந்தும் வருகின்றன. பன்னிரண்டாயிரத்துக்கு 400 லிட்டர் என்றால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் விற்பவர் ஏற்கெனவே ராத்திரி முழுக்க ஓடவிட்டு, ஐஸ் கட்டிய பெட்டியைத்தான் திறந்து காட்டுவார். அதில் ஒன்றும் தெரியாது. ஆஃப் செய்து, ஐஸ் உருகிக் காய்ந்த பெட்டியை உங்கள் கண் முன்னால் ஆன் செய்யச் சொல்லுங்கள். தெர்மாமீட்டரை நீங்களே கொண்டுபோய் உள்ளே போட்டுவிட்டு, நான்கைந்து மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். காலியான நல்ல பெட்டி அந்த நேரத்துக்குள் மைனஸ் பதினைந்தையாவது தாண்டியிருக்கும். பின்பக்கம் கம்ப்ரசர் குழாய்களில் புது பிரேசிங் தழும்பு இருக்கிறதா, கம்ப்ரசரில் மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட் பளபளக்கிறதா, அடித்தகடு துருப்பிடித்துப் பொரிந்திருக்கிறதா, உள்சுவர் எங்கேயாவது உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பல் இருந்தால் உள்ளே பஃப் நனைந்து ஐஸாகி விரிந்திருக்கிறது என்று அர்த்தம். வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு இதில்தான் அதிகம்: வண்டி வாடகை, ஏற்றி இறக்குகிற கூலி, வந்ததும் ஒரு சர்வீஸ், வாரண்டி கிடையாது, ஜிஎஸ்டி பில் பெரும்பாலும் கிடையாது, மேலே சொன்ன கரண்டுக் கணக்கும் சேரும். பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடித்த பெட்டி வருடத்துக்குப் பத்தாயிரம் கூடுதலாகக் கரண்டு குடித்தால், ஒன்றரை வருடத்துக்குள் மிச்சம் கரைந்துவிடும்.

எப்போது நல்லது? சீசனுக்கு மட்டும், அதாவது மூன்று நான்கு மாதம் ஒகேனக்கல் பக்கம் கூட்டம் வருகிற நாட்களுக்கு இரண்டாவது பெட்டியாக வைத்துக்கொள்ள இது சரி. ஒரே பெட்டியை நம்பி மொத்த வியாபாரமும் இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

## வழி 3: புதுசு எடுப்பது

300 லிட்டர் அளவில் இரும்பு மூடிப் பெட்டி 25,000 ரூபாயை ஒட்டிய விலையில் தொடங்குகிறது. கண்ணாடி மூடி என்றால் வேறு விலை, வேறு வேலை. சரக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி எடுக்கிறார்கள், விற்பனைக்கு அது நல்லதுதான், ஆனால் வெயில் பட்டால் கண்ணாடி சூட்டை உள்ளே விட்டுவிடும். ரோட்டோரத்தில் மேற்குப் பார்த்த கடை என்றால் இரும்பு மூடி எடுங்கள், அல்லது மதியத்துக்கு மேல் கண்ணாடி மேல் ஒரு தெர்மாக்கோல் ஷீட்டாவது போட்டு மூடிவையுங்கள்.

வாரண்டியைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முழுப் பெட்டிக்கும் ஒரு வருடம், கம்ப்ரசருக்கு மட்டும் அதற்கு மேல் சில வருடங்கள். மூன்றாவது வருடம் கம்ப்ரசர் போனால் கம்ப்ரசர் இலவசமாக வரும், ஆனால் கேஸ், ஃபில்டர், கூலி, வண்டி எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றி மட்டும் இருக்கக் கூடாது. சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார்? பாலக்கோட்டுக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ எத்தனை நாளில் வருவார்? விலையில் ஆயிரம் குறைத்துவிட்டு சர்வீஸுக்கு ஆள் அனுப்பாத பிராண்டைவிட, ஆயிரம் அதிகமானாலும் தர்மபுரியிலேயே ஆள் வைத்திருக்கிற பிராண்டு மேல்.

லேபிளில் 'டி' கிளைமேட் கிளாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். டீப் ஃப்ரீசருக்கு 2020-இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. ஸ்டார் லேபிள் கொண்டுவந்தது, அதில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும், ஒரே லிட்டர் அளவில் இரண்டு மாடலை அதை வைத்து ஒப்பிடலாம். விலையில் ஜிஎஸ்டி 18 சதவீதம் இருக்கிறது. நீங்கள் ரெகுலர் ஸ்கீமில் இருந்தால் அதை இன்புட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம், சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் ஸ்கீமில் இருந்தால் முடியாது. முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை கடன் உண்டு, வங்கிக்குப் போக மனமிருந்தால் வட்டிக்காரரிடம் போவதற்கு முன்னால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

## வழி 4: ஐஸ்கிரீம் கம்பெனிப் பெட்டி

டெபாசிட் வாங்கிக்கொண்டு கம்பெனியே பெட்டி கொடுக்கும். கெட்டால் அவர்களே சரிசெய்வார்கள். கையில் பணமில்லாத புதுக் கடைக்கு இது நல்ல வழி. ஆனால் பெட்டிக்குள் அந்தக் கம்பெனி சரக்கு மட்டும்தான் வைக்க வேண்டும் என்பார்கள், மாதம் இவ்வளவு எடுக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். மீன், கறி வைத்திருப்பதைப் பார்த்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மழைக்காலத்தில் ஐஸ்கிரீம் ஓடாது, பெட்டி கரண்டு குடிப்பது மட்டும் நிற்காது. எழுத்துமூலம் வாங்க வேண்டியவை இரண்டு: டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்பது ஒன்று, பெட்டி பழுதாகி உள்ளே இருக்கிற சரக்கு உருகினால் அந்த நஷ்டம் யாருடையது என்பது இன்னொன்று.

## நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரிப்பேர் | பழைய பெட்டி | புதுசு | கம்பெனிப் பெட்டி |
|---|---|---|---|---|
| கைப்பணம் | சில நூறு முதல் 13,000 வரை | புதுசில் பாதி | 25,000-ஐ ஒட்டி | டெபாசிட் மட்டும் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | லீக் தேடாவிட்டால் வருடாவருடம் கேஸ் | வண்டி, சர்வீஸ், கூடுதல் கரண்டு | ஸ்டெபிலைசர், வாரண்டியில் வராத கூலி | கட்டாயச் சரக்கு, சீசன் இல்லாத மாதக் கரண்டு |
| எத்தனை நாள் கடை நிற்கும் | லீக் டெஸ்டோடு இரண்டு மூன்று நாள் | தேடுகிற நாள்தான் கணக்கு | ஸ்டாக் இருந்தால் அன்றே | கம்பெனி இஷ்டம் |
| மீன், கறிக்கு | பஃப் நன்றாக இருந்தால் சரி | ஆபத்து | சரி | அனுமதி இல்லை |
| எப்போது வேண்டாம் | பஃப் நனைந்திருந்தால், உள்காயில் ஓட்டையானால் | இருப்பது ஒரே பெட்டி என்றால் | வோல்டேஜைச் சரிசெய்யாமல் | பல பிராண்டு விற்பவருக்கு |

## யாருக்கு எது

அணைப் பக்கம் மீன் கடை, ஐந்தாறு வருடப் பெட்டி, கேஸ் லீக். டெஸ்டில் லீக் வெளி ஜாயிண்டில் என்று வந்தால் ரிப்பேர், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். உள்காயில் என்று வந்தால் அன்றைக்கே புதுசு. மீனை வைத்துக்கொண்டு பழைய பெட்டியில் விளையாட வேண்டாம்.

டவுனில் பேக்கரி, பத்து வருடப் பெட்டி, கம்ப்ரசர் போய்விட்டது, சுவர் வியர்க்கவில்லை, உள்ளே துரு இல்லை. வயதைப் பார்த்துப் பயப்படாமல் கம்ப்ரசர் மாற்றுங்கள். அதே நிலையில் மூன்று வருடப் பெட்டி, ஆனால் கத்தியால் ஐஸ் குத்தி உள்தகட்டில் ஓட்டை விழுந்துவிட்டது என்றால், வயது குறைவு என்பதற்காகப் பணம் போடாதீர்கள். ஐஸ் சுரண்ட கத்தி, ஸ்க்ரூடிரைவர் எடுக்கவே கூடாது என்று கடைப் பையன்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஐந்து மில்லிமீட்டர் ஐஸ் சேர்ந்ததும் ஆஃப் செய்து மூடியைத் திறந்துவிட்டால் தானாக உதிரும்.

கிராமத்துப் பெட்டிக்கடை, வோல்டேஜ் 170, ஐஸ்கிரீம் மட்டும் விற்கிறார். கம்பெனிப் பெட்டியும் ஒரு நல்ல ஸ்டெபிலைசரும் போதும். ஸ்டெபிலைசர் இல்லாமல் புதுசு எடுத்தால் அடுத்த கோடையில் இதே கேள்வியோடு வருவார்.

## எந்தப் பெட்டி வந்தாலும்

புதுசோ பழசோ, வண்டியில் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் இறக்கியதும் ஆன் செய்யாதீர்கள். சில மணி நேரம் நேராக நிற்கட்டும், சாய்த்ததில் குழாய்க்குள் போன கம்ப்ரசர் ஆயில் திரும்ப இறங்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எர்த் இருக்கிறதா என்று பாருங்கள், ஈரக் கையோடு மூடி திறக்கிற மீன் கடையில் இது உயிர் விஷயம். காலியாக ஓடவிட்டு மைனஸ் 18 வந்த பிறகு சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஸ்டெபிலைசர் வாங்கும்போது டைம் டிலே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கரண்டு போய் உடனே வந்தால் கம்ப்ரசர் மூன்று நிமிடமாவது பொறுத்துத்தான் கிளம்ப வேண்டும், அதற்குள் கிளம்ப முயன்றால் உள்ளே பிரஷர் இறங்காமல் மாட்டிக்கொண்டு ஓவர்லோடு வெட்டும், ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படி நடந்தால் ரிலேயில் ஆரம்பித்து கம்ப்ரசர் வரைக்கும் போய்விடும்.